பழைய பெடல் ஸ்டீல் கிட்டார்: தரகர் சொல்லும் வருடத்தை நம்பலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் காலமான ஒரு பெரியவரின் பொருட்களை விற்கிறார்கள். அவற்றில் எட்டுத் தந்திகள் கொண்ட ஃபெண்டர் 400 பெடல் ஸ்டீல் கிட்டார் (கிடையாக வைத்து வாசிக்கும், காலால் பெடலை மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றும் கிட்டார்) ஒன்று இருக்கிறது. விற்றுக்கொடுக்கும் தரகர், அது 1958இல் செய்யப்பட்டது என்று சொல்லி ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழையும் காட்டுகிறார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் 3046221 என்ற எண் இருக்கிறது, படம் அனுப்பியுள்ளேன். தந்தியின் நீளம் (இரு முனைத் தாங்கிகளுக்கும் இடையே அதிரும் பகுதி) 24.5 அங்குலம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். 1958 என்பதை நம்பி அவர் கேட்கும் விலையைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். படத்தில் இருக்கும் வால்யூம் கன்ட்ரோல் அந்தக் கிட்டார் செய்யப்பட்டபோதே பொருத்தப்பட்டது என்றால், அது 1958ஆம் ஆண்டுக் கருவியாக இருக்க வழியில்லை. அமெரிக்க மின்னணு உதிரிப் பாகத் தயாரிப்பாளர்கள் அந்தக் காலத்தில் தங்கள் பாகங்களில் ஒரு பொதுக் குறியீட்டைப் பதித்துவந்தார்கள். முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அடுத்து வருவது ஆண்டு, கடைசி இரண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. ஆக, நீங்கள் அனுப்பிய எண்ணின் பொருள், ஸ்டாக்போல் நிறுவனம் 1962இன் 21ஆவது வாரத்தில், அதாவது மே மாதக் கடைசியில் செய்த பாகம் என்பதாகும். 1950களில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் இட்டார்கள் என்பதால், 1958இல் செய்த ஸ்டாக்போல் பாகத்தில் 3048 என்று தொடங்கி மொத்தம் ஆறு இலக்கங்களே இருந்திருக்கும்.

ஆனால் இந்தக் குறியீட்டைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் பலரும் எதிர்த்திசையில் வழுக்கி விழுகிறார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வால்யூம் கன்ட்ரோலில் இருப்பது அந்தப் பாகம் பிறந்த வாரமே தவிர, கிட்டார் பிறந்த வாரமல்ல. மாவுப் பொட்டலத்தில் போட்டிருக்கும் தேதி முறுக்கு சுட்ட தேதியாகாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் அந்த மாவில் முறுக்கு சுட்டிருக்கவும் முடியாது. எவ்வளவு நாள் கழித்துச் சுட்டார்கள் என்பதைப் பொட்டலம் சொல்லாது. சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய பிறகு, 1966ஆம் ஆண்டுக் குறியீடு கொண்ட பாகங்கள் பெருமளவில் கொள்முதலாகிக் கிடங்கில் தங்கின; 1960களின் கடைசியில் செய்த கிட்டார்களைத் திறந்தாலும் உள்ளே 66 என்றே இருப்பதற்கு அதுவே காரணம். எனவே 66 என்ற எண்ணைக் கண்டதும் ‘இது 1966ஆம் ஆண்டுக் கிட்டார்’ என்று அடித்துச் சொல்பவர், எண்ணைப் படிக்கத் தெரிந்தும் அதன் பொருள் தெரியாதவர். உங்கள் கருவிக்கும் இதே கணக்குதான்: 1962 மே மாதக் கடைசிக்கு முந்தையதல்ல என்பது வரை உறுதியாகச் சொல்லலாம், அதற்கு மேல் இந்த எண் எதையும் சொல்லாது.

அந்த கன்ட்ரோல் பிற்பாடு மாற்றப்பட்டது என்று தரகர் சொல்லக்கூடும். அதைச் சோதிக்க அவருடைய வாய்மொழி தேவையில்லை, ஒரு டார்ச் விளக்கு போதும். கன்ட்ரோலின் முதுகில் கம்பியை ஈயம் உருக்கிப் பற்றவைத்த இடத்தைப் பாருங்கள். பட்டறையில் முதன்முதலில் வைத்த ஈயம் ஒரே பொட்டாகப் பரந்து, மங்கிய சாம்பல் நிறத்தில், அதே வயதுத் தூசியோடு இருக்கும். பின்னால் யாராவது கை வைத்திருந்தால் பழைய ஈயத்தின் மேல் பளபளக்கும் புதிய ஈயம் குமிழாக ஏறியிருக்கும். சூடுபட்ட கம்பியின் மேலுறை சுருங்கியோ கருகியோ இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் டோன் கன்ட்ரோலின் எண்ணையும் படியுங்கள். இரண்டும் சில வார இடைவெளிக்குள் இருந்து, இரண்டின் ஈயமும் கலையாமல் இருந்தால், மாற்றப்பட்ட கதைக்கு இடமில்லை. ஈயத்தைச் சுரண்டவோ துடைக்கவோ வேண்டாம். சாட்சியை நீங்களே அழித்ததாகிவிடும்.

அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல ஆண்டுகளாகப் பழைய மின்கருவிகளைப் பழுதுபார்த்துவரும் எனக்கு, இத்தகைய காகிதங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மதிப்பு எழுதுபவருக்கே விற்பனையில் பங்கு உண்டென்றால் அந்த மதிப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இதைக் கேட்பாரில்லை. கருவியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல், தொடர் எண்ணை ஒரு அட்டவணையில் தேடி ஆண்டை எழுதிவிடுகிறார்கள். அந்த அட்டவணை பெரும்பாலும் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற சாதாரண மின்கிட்டார்களுக்கானது. அவற்றுக்கே ஓர் ஆண்டின் எண்கள் அடுத்த ஆண்டின் எண்களோடு கலந்து கிடக்கும்போது, ஸ்டீல் கிட்டாருக்கு அதைப் பொருத்துவதில் அர்த்தமில்லை. ஃபெண்டர் 2000 என்பதைத் தயாரிப்பு ஆண்டு என்று நினைத்தவரையும் நான் சந்தித்திருக்கிறேன். அது 1960களில் வந்த ஒரு மாடலின் பெயர். சின்ன உதிரிப் பாகத்தில்கூட வாரம் வரைக்கும் குறித்திருக்க, முழுக் கருவியின் வெளிப்புறத்தில் ஆண்டு தெளிவாகக் குறிக்கப்படாததன் பலனைத்தான் இந்தத் தரகர்கள் அனுபவிக்கிறார்கள்.

எங்கே செய்தது என்பதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. பெடல் ஸ்டீல் தயாரிப்பாளர்களில் ஷோ-பட் என்றால் நாஷ்வில், எம்மன்ஸ் என்றால் வட கரோலினாவின் பர்லிங்டன், எம்.எஸ்.ஏ. என்றால் டல்லஸ், ஃபெண்டர் என்றால் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன். சி.பி.எஸ். 1965 ஜனவரியில் ஃபெண்டரை வாங்கிய பிறகும் தயாரிப்பு ஃபுல்லர்டனிலேயே தொடர்ந்ததால், ஊர்ப் பெயரை வைத்து அந்தக் கைமாற்றத்துக்கு முன்னா பின்னா என்று பிரிக்க முடியாது. தந்தியின் நீளம் இங்கே உதவும். 400 மாடலின் முதல் வடிவத்தில் அது 24.5 அங்குலம், பின்னர், அந்தக் கைமாற்றத்துக்கு முன்பே, 23 அங்குலமாகக் குறைத்தார்கள். நீங்கள் அளந்தது முதல் வடிவம் என்பதால், உங்களுடையது கைமாறுவதற்கு முந்தைய கருவி என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் ‘சி.பி.எஸ்.ஸுக்கு முந்தையது’ என்ற சொல்லுக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்தச் சொல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் சந்தையில் சம்பாதித்த மவுசைத் தரகர்கள் இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். இன்றைய கன்ட்ரி இசைக் கலைஞர்களில் பெரும்பாலோர் வாசிப்பது பத்துத் தந்திகளும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் கொண்ட கருவி. எட்டுத் தந்தியும் வெறும் பெடல்களும் கொண்ட 400ஐத் தேடுபவர்கள் குறைவு. அதனால் 1958க்கும் 1962க்கும் விலையில் தரகர் காட்டும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

விலையை உண்மையில் ஏற்றி இறக்குவது கருவியின் அடிப்பக்கம். 400இல் பெடலின் இழுவை கம்பி வடங்கள் வழியாகத்தான் தந்தியைச் சேர்கிறது. கருவியைக் கவிழ்த்து, வடங்களில் இழை பிரிந்திருக்கிறதா, ஏதேனும் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிமிர்த்தி வைத்துச் சுருதி சேர்த்து, ஒவ்வொரு பெடலையும் பத்து முறை மிதித்து விடுங்கள். தந்தி ஒவ்வொரு முறையும் பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பழுதுபார்க்கும் செலவைக் கேட்ட விலையில் கழியுங்கள். டோன் கன்ட்ரோலின் படத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால், சனிக்கிழமை நீங்கள் பேசப் போவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.