எண்ணினார்களா, இரைந்தார்களா?

அன்புள்ள அண்ணனுக்கு,

கடைமடையில் மூன்று ஏக்கர் சாகுபடி, கூடவே ஒரு சின்ன உரக்கடை. எங்கள் எம்.பி.யின் வாட்ஸப் குழுவில் என்னையும் யாரோ சேர்த்துவிட்டார்கள். தினம் ஒரு வீடியோ வருகிறது. மக்களவையில் எழுந்து நின்று நெல்லின் ஈரப்பதம் பற்றிப் பேசுகிறார், பின்னால் கதாநாயகன் வரும்போது போடுவது மாதிரி இசை. மறுநாள் மத்திய அமைச்சருக்குச் சால்வை போர்த்தி மனு கொடுக்கும் படம். எல்லாம் சரி, வேளாண் சட்டங்கள் வந்தபோது டெல்டா எம்.பி.க்கள் என்ன ஓட்டுப் போட்டார்கள் என்று தேடினேன். ஒரு கட்சி மேடையில் ‘எதிர்த்தோம்’ என்கிறார்கள், அடுத்த மேடையில் ‘ஓடிப்போனார்கள்’ என்கிறார்கள். பதிவு எங்கேயும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் அவன் ஊர் உறுப்பினர் ஒவ்வொரு மசோதாவுக்கும் எப்படி வாக்களித்தார் என்று கைபேசியிலேயே காட்டுகிறான். நமக்கு அப்படி ஒன்று கிடையாதா, இல்லை எனக்குத்தான் தேடத் தெரியவில்லையா? வாய்க்காலில் தண்ணீர் வராததால் பொழுது நிறைய இருக்கிறது, அதனால்தான் இத்தனை கேள்வி.

க.

அன்புள்ள தம்பி,

உங்கள் ஊரையும் எம்.பி.யின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன். நீங்கள் சொல்லும் வீடியோ எல்லாத் தொகுதியிலும் வருகிறது, இசை மட்டும்தான் வேறு.

உங்களுக்குத் தேடத் தெரிகிறது. நீங்கள் தேடும் பொருள்தான் இல்லை. மூன்று வேளாண் மசோதாக்களில் ஒன்று 2020 செப்டம்பர் 15 அன்றும், மற்ற இரண்டும் 17 அன்றும் மக்களவையில் நிறைவேறின. எல்லாமே குரல் வாக்கெடுப்பு. நம் சட்டமன்றத்தில் ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்பார்களே, அதேதான். ஒரு பக்கம் ‘ஆம்’ என்று சத்தம், மறுபக்கம் ‘இல்லை’ என்று சத்தம். எந்தச் சத்தம் பெரிது என்று நாற்காலியில் இருப்பவர் காதால் முடிவுசெய்கிறார். யார் என்ன சொன்னார் என்று ஒரு பேரும் எழுதப்படுவதில்லை. 17 அன்று எதிர்க்கட்சிகள் பலவும் வெளிநடப்பு செய்தன. ஆகவே அந்தச் சட்டங்களுக்கு மக்களவையில் ஆதரவாக வாக்களித்தவர் என்றோ எதிர்த்து வாக்களித்தவர் என்றோ காட்ட எவருக்கும் பேர் போட்ட பதிவு கிடையாது. உங்கள் ஊரின் இரண்டு மேடைக்கும் இதுதான் வசதி.

இதை நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் அசிங்கப்பட்டு. அந்த வருஷம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டத்தில் ஆவேசமாகப் பேசினேன். ‘இந்த மசோதாவுக்கு யார் யார் கை தூக்கினார்கள் என்று பட்டியல் எடுங்கள், பஸ் ஸ்டாண்டில் ஒட்டுங்கள்’ என்றேன். நல்ல கைதட்டல். இறங்கி வந்ததும் முன்வரிசையில் இருந்த வயதான தோழர் ஒருவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஐம்பது வருஷம் கழித்தவர், மெதுவாகக் கேட்டார்: “எண்ணினாங்களா, எரைஞ்சாங்களா?” எனக்குப் புரியவில்லை. “எரைஞ்சாங்கன்னா பட்டியல் ஏதுங்க?” என்றார்.

அன்றிலிருந்து எந்தச் சட்டம் பற்றிய செய்தியைப் படித்தாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்.

மாநிலங்களவையில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்று தீர்மானம் கொடுத்தவர்களில் திமுகவின் திருச்சி சிவாவும் ஒருவர். அவர் டிவிஷன் கேட்டார், அதாவது தலையை எண்ணு என்றார். ஒரே ஒரு உறுப்பினர் கேட்டால்கூட எண்ணவேண்டும் என்பது வழக்கம். துணைத் தலைவர் எண்ணவில்லை. கேட்டவர்கள் தங்கள் இடத்தில் இல்லை என்பது பிறகு சொல்லப்பட்ட விளக்கம். அவையின் காணொளிப் பதிவில் சிவா தன் இடத்தில் நின்றுதான் கேட்டார் என்று நாளிதழ்கள் எழுதின. விதிப்புத்தகம் கிழிந்தது, மைக் உடைந்தது, மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். பதினான்கு மாதம் கழித்து, 2021 நவம்பர் 29 அன்று, அதே சட்டங்களை ரத்து செய்யும் மசோதா இரண்டு அவையிலும் ஒரே நாளில், விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அதுவும் குரல்தான். டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் மனிதர்கள் கிடந்தார்கள். வந்ததற்கும் கணக்கு இல்லை, போனதற்கும் கணக்கு இல்லை.

அப்படியானால் எப்போதுதான் எண்ணுகிறார்கள்? அரசியல் சட்டத்தையே திருத்துவது என்றால் எண்ணித்தான் ஆகவேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீடு மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது அப்படித்தான். மற்றதற்கு யாராவது கேட்கவேண்டும். கேட்டால் மணி அடிக்கும், மூன்றரை நிமிடம். பிறகு கதவை அடைப்பார்கள். ஆம் என்பவருக்குப் பச்சைப் பட்டன், இல்லை என்பவருக்குச் சிவப்பு, ஒதுங்கியிருப்பவருக்கு மஞ்சள். 1999 ஏப்ரல் 17 அன்று கும்பகோணத்தில் ஒரு டீக்கடை டிவி முன்னால் நின்றிருந்தேன். அதிமுக ஆதரவை விலக்கியதால் வாஜ்பாய் அரசு கேட்ட நம்பிக்கை வாக்கு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. கடையில் யாரும் டீ கேட்கவில்லை. ஒரு எம்.பி. என்றால் ஒரு ஓட்டு என்பது அன்றுதான் உடம்பில் உறைத்தது.

சரி, எண்ணிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது உங்கள் எம்.பி.யின் ஓட்டா? 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எப்படி வாக்களிக்கவேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். வாக்களிக்காமல் இருந்தாலும் அப்படியே. பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்தால் தப்பலாம். ஆகவே பட்டியலில் பேர் அவருடையது, ஓட்டு கட்சியுடையது. உங்கள் மச்சான் காட்டும் பதிவில் கட்சிக்கு எதிராக வாக்களித்தவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தண்டிக்க அங்கே இப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே உறுப்பினர்வாரியாக அப்படி ஒரு பதிவேடு போட்டால் ஒரு கட்சிக்காரர்கள் அத்தனை பேர் பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தமாதிரி ஒன்றாகத்தான் இருக்கும்.

அதனால் ஓட்டுப் பதிவை வைத்துக் கட்சியைக் கேளுங்கள் என்பேன். எண்ணிய ஓட்டு இருக்கும் இடத்தில் மேடைப் பேச்சையும் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீடு. அந்த செப்டம்பர் 20 அன்று நாடு முழுக்கக் கடையடைப்பு, அதைத் திமுகவும் ஆதரித்தது. உங்களைப் போன்ற உரக்கடை, மளிகைக்கடைக்காரர்கள் நம்பிக்கையோடு ஷட்டரை இறக்கினார்கள். டிசம்பர் 5 அன்று மக்களவையில் அந்த முதலீட்டை எதிர்க்கும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. திமுக, அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசோடு சேர்ந்து, தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தது. ஆதரவு 218, எதிர்ப்பு 253. கொள்கையில் எதிர்க்கிறோம், ஆனால் இந்த ஆட்சிக்குச் சிக்கல் வந்து பாஜகவுக்கு வழி திறந்துவிடக் கூடாது என்பது கட்சி சொன்ன காரணம். அந்தத் தீர்மானம் வென்றிருந்தாலும் சட்டப்படி அரசு விலக வேண்டியதில்லை என்பது வேறு கதை.

நான் அன்று இரவு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். திமுகவுக்கு அப்போது 18 பேர். பதினெட்டுப் பேரும் பச்சைக்குப் பதில் சிவப்பு என்று பட்டனை மாற்றியிருந்தால், அதாவது 218-இல் பதினெட்டைக் கூட்டி 253-இல் பதினெட்டைக் கழித்தால், 236-க்கு 235. எந்தப் பட்டன் எதற்கு என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு முதலீட்டை எதிர்ப்பவர் அழுத்தவேண்டியது பச்சை, அவர்கள் அழுத்தியது சிவப்பு. பார்த்தீர்களா, நானே மேலே தலைகீழாக எழுதியிருக்கிறேன். அழிக்காமல் விடுகிறேன். வாசகரைக் குழப்பத் தீர்மானத்தின் வாசகமே போதும் என்பதற்கு இது சாட்சி. இன்னொன்று: சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அன்று வெளிநடப்பு செய்தன, சேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களும் பேச்சில் எதிர்ப்பாளர்கள்தான். வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை என்பதுதான் விதி. எழுந்து போனவர் கணக்கிலிருந்தே போய்விடுகிறார். வெளிநடப்பை நம் பத்திரிகைகள் வீரச்செயல் போல எழுதுகின்றன. பல சமயம் அது ஆளும் தரப்புக்குப் பாதி ஓட்டு.

திமுகவை மட்டும் சொன்னேன் என்று நாளைக்கே கடிதம் வரும். 2018 மார்ச்சில் அதிமுக எம்.பி.க்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் பதாகையோடு மக்களவையின் மையப்பகுதியில் நாள்தோறும் நின்றார்கள். உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 16 அன்று நமக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது, வாரியம் வரவில்லை. அந்தப் படங்கள் நம் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டப்பட்டன. அதே நாட்களில் தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், அவை ஒழுங்கில் இல்லை என்ற காரணத்தால் எடுக்கப்படவே இல்லை. தெலுங்கு தேசம் மறுபடி கொடுத்ததை எடுத்தது ஜூலை 20. அதிமுக, மோடி அரசின் பக்கம் வாக்களித்தது. தீர்மானத்துக்கு ஆதரவு 126, எதிர்ப்பு 325. அதற்குள் ஜூன் மாதம் வாரியத்துக்குப் பதில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் மார்ச்சின் பதாகை யாருக்குப் பயன்பட்டது என்று நீங்களே யோசியுங்கள்.

இதற்கெல்லாம் அப்புறம் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மைத் தொடும் விஷயங்களில் பெரும்பாலானவை ஓட்டுக்கே வருவதில்லை. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் இல்லை. அறுவடை நேரத்து மழையில் அதை 22 ஆக்குங்கள் என்று கெஞ்சுகிறோம். இது உணவுத் துறையின் ஓர் உத்தரவு, மசோதா அல்ல. எண்ணெய் எடுக்க ஏலம், பயிர்க் காப்பீட்டு விதி, எல்லாம் அப்படித்தான். 2023 ஏப்ரலில் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி மூன்றும் இருப்பது தெரிந்தது. ஊர் கொதித்தது, சட்டமன்றத்தில் பேசினார்கள், கடிதம் போனது, படங்கள் வந்தன, சில நாட்களிலேயே மூன்றையும் எடுத்துவிட்டார்கள். யாரும் ஒரு பட்டனையும் அழுத்தவில்லை. ஆகவே நீங்கள் கிண்டல் செய்யும் அந்தச் சால்வைப் படத்தை நான் முழுக்கக் கிண்டல் செய்யமாட்டேன். சில வேளை அதுதான் வேலை செய்கிறது. எந்த வேளை என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன். உங்களுக்கு வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை பூஜ்ய நேரத்தில், அதாவது உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரத்தில், பேசியதாக இருக்கும். அங்கே அமைச்சர் பதில் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேசினார், உட்கார்ந்தார், வெட்டி ஒட்டி இசை போட்டார்கள். எழுத்துக் கேள்வி வேறு ஜாதி. மக்களவையில் ஒரு நாளைக்கு 230 எழுத்துக் கேள்விகளுக்குப் பதில் வரும், குலுக்கலில் தேர்ந்தெடுப்பார்கள். அமைச்சகம் எண்களோடு பதில் தரவேண்டும். பொய் சொன்னால் உரிமை மீறல். எந்தக் கேள்வி கேட்பது என்று பெரும்பாலும் கொறடா சொல்வதில்லை, அது அவர் புத்தி. அந்தப் பதில்கள் நாடாளுமன்றத்தின் தளத்தில் உறுப்பினர் பேரிலேயே கிடைக்கின்றன. எத்தனை கேட்டார் என்று பார்க்காதீர்கள், எண்ணிக்கைக்காகவே கேட்பவர்களும் உண்டு. கடைமடை, கொள்முதல், காப்பீடு என்று எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் அப்படியே. திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. தனி உறுப்பினர் ஒருவரின் மசோதா ஓர் அவையைத் தாண்டிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மக்களவையில் அது சட்டமாகவில்லை. ஆனாலும் அது ஒரு மனிதர் தானாகச் செய்தது.

அடுத்த முறை உங்கள் எம்.பி. கொள்முதல் நிலையத் திறப்புக்கு வருவார், நிச்சயம் வருவார். ‘எப்படி ஓட்டுப் போட்டீங்க’ என்று கேட்காதீர்கள், அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார். ‘டிவிஷன் கேட்டீங்களா’ என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கூடவே வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்ததா என்பதையும். இல்லையென்றால் நாற்றங்காலை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், வீட்டில் அம்மா திட்டினாலும் பரவாயில்லை.