தில்லிக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண், நகரத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கல்லூரியை முடித்த கையோடு முதல் வேலைக்காகத் தனியாகத் தில்லிக்கு வருவதாகவும், இந்தி அரைகுறையாகத்தான் தெரியும் என்றும், விடுமுறை நாட்களில் நகரத்தை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து ஏறக்குறைய உங்கள் நிலையிலேயே வந்து, முனிர்காவில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகத் தொடங்கியவள் நான். எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன்: மெட்ரோவின் யெல்லோ லைனைப் பிடித்துக்கொள்ளுங்கள், தெற்கிலிருந்து வடக்காக, ஒரு விடுமுறைக்கு ஒரு நிலையம் என்று இறங்கிப் பாருங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. தில்லி ஒரே ஊராக வளர்ந்ததல்ல. ஆட்சிக்கு வந்தவர்கள் பலரும் முந்தையவர் கட்டியதை விட்டுச் சற்றுத் தள்ளிப் புதிதாக ஒரு நகரத்தை எழுப்பியதால், பல தலைநகரங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. காலையில் செங்கோட்டை, மதியம் குதுப்மினார், மாலையில் இந்தியா கேட் என்று ஒரே நாளில் ஓட்டிக் காட்டும் சுற்றுலாப் பேருந்தில் போனால் நூற்றாண்டுகள் எல்லாம் குழம்பிவிடும். யெல்லோ லைனிலோ, குதுப்மினாரில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டும், ஹௌஸ் காஸில் பதினான்காம் நூற்றாண்டும், ஜோர் பாகில் லோதிகளின் காலமும், சென்ட்ரல் செக்ரடேரியட்டில் ஆங்கிலேயர் கட்டிய புது தில்லியும், சாந்தினி சௌக்கில் ஷாஜகானின் நகரமும் வந்துவிடுகின்றன. கடைசி இரண்டும் மட்டுமே காலவரிசையில் முன்பின்னாக அமைந்தவை.

குதுப்மினார் நிலையத்திலிருந்து வளாகம் சற்றுத் தொலைவு. ஷேர் ஆட்டோ கிடைக்கும். 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அதன் நிழலில் இருக்கும் பழைய மசூதியின் தூண்களுக்கு அருகில் போய் நில்லுங்கள். சங்கிலியில் தொங்கும் மணி, பூக்குடம், கொடி என்று நம் கோயில் மண்டபங்களில் பார்த்த செதுக்கு வேலையே அங்கும் இருக்கும். இருபத்தேழு கோயில்களின் தூண்களையும் கற்களையும் எடுத்துக் கட்டியதாக அந்த மசூதியின் கல்வெட்டே சொல்கிறது. அதே வளாகத்தின் தெற்குப் பக்கத்தில் சிவப்புக் கல்லும் வெள்ளைச் சலவைக்கல்லும் கலந்து கட்டிய அலாய் தர்வாசா என்ற வாயில் உண்டு. அதன் வளைவு ஓரத்தில் தாமரை மொட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அலாவுதீன் கில்ஜி அதைக் கட்டிய ஆண்டு 1311. அவருடைய தளபதி மாலிக் கபூர் படையுடன் மதுரைக்கு வந்து கொள்ளையடித்துச் சென்றதும் அதே 1311இல்தான். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்து மறந்திருந்த அந்தச் செய்தியின் மறுமுனையில் நிற்கிறேன் என்று உணர்ந்தபோது, எனக்கு அந்நியமாகத் தோன்றிக்கொண்டிருந்த இந்த ஊரின் மேல் முதன்முறையாக உரிமையோடு ஒரு கோபமும், கூடவே ஒரு நெருக்கமும் வந்தன. நேரமிருந்தால் பக்கத்திலுள்ள மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவிற்குள்ளும் நடந்து பாருங்கள். தில்லி சுல்தான் பால்பனின் கல்லறையும், படிகள் அடுக்கடுக்காக இறங்கும் ராஜோன் கி பாவலி என்ற படிக்கிணறும் அங்கே இருக்கின்றன, கூட்டமும் குறைவு.

ஹௌஸ் காஸில் அலாவுதீன் வெட்டிய ஏரியும், அதன் கரையில் பெரோஸ் ஷா துக்ளக் கட்டிய மதரசாவும் ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும். ஜோர் பாகில் இறங்கினால் லோதி தோட்டம். அனுமதிக் கட்டணம் கிடையாது, காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் இருப்பதால் தனியாகப் போகத் தயங்க வேண்டியதில்லை. சையது, லோதி அரசர்களின் கல்லறைகளைச் சுற்றிப் புல்வெளி அமைத்து 1936இல் திறந்த தோட்டம் அது.

சென்ட்ரல் செக்ரடேரியட் பகுதியைப் பற்றி என் கருத்து பலரிடமிருந்தும் வேறுபடும். 1911இல் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு தர்பாரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாறுவதாக அறிவித்து, ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்களான லட்யன்ஸும் பேக்கரும் வரைந்து, 1931இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அகன்ற சாலைகளில் எனக்குக் கட்டடங்களைவிட மரங்களே பெரிதாகத் தெரிகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் இலவமரம் இலையில்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். மே மாத அனல்காற்றில் மனிதர்கள் வாடிக் கிடக்கும்போது அம்ரிதா ஷெர்கில் மார்கில் சரக்கொன்றை சாலையின் இருபுறமும் மஞ்சளாகத் தொங்கும். மழை பிறந்ததும் நாவல் மரங்களின் அடியில் தார்ச்சாலையே ஊதாவாகிவிடும். கொன்றையும் இலவும் நாவலும் நம் ஊரில் சிறு வயதிலிருந்து பார்த்தவை என்பதால், வழி தெரியாத நகரத்தில் தெரிந்த முகங்கள் வந்து நின்றதைப்போல் எனக்கு அவை ஆறுதலாக இருந்தன. நவம்பரில் மட்டும் இந்த நடையை நிறுத்திவிடுங்கள். வைக்கோல் எரிப்பும் வாகனப் புகையும் குளிரில் தரையோடு தங்கிவிடும் அந்த வாரங்களில், முகக்கவசமின்றி வெளியே சுற்றுவது உண்மையிலேயே உடம்பைக் கெடுக்கும். அருங்காட்சியகங்களை அந்த மாதத்திற்கென்று ஒதுக்குங்கள். ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண்ணும் சோழர் காலத்து நடராசரும் இருக்கிறார்கள்.

சாந்தினி சௌக்கிற்கு மட்டும் ஒரு முழு நாள் வேண்டும். அடுத்துள்ள சாவ்ரி பஜாரில் இறங்குங்கள். வெகு ஆழத்திலிருந்து நகரும் படிக்கட்டுகளில் ஏறி மேலே வந்தால், கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் பித்தளைக் கடைகளும் கைவண்டிகளும் சைக்கிள் ரிக்ஷாக்களும் நெருக்கும் ஒரு முச்சந்தி. அங்கிருந்து பாடப்புத்தகக் கடைகள் நிறைந்த நயீ சடக் வழியாகச் சாந்தினி சௌக் பெருந்தெருவிற்கு நடந்து, மேற்கே ஃபதேபுரி மசூதியைத் தாண்டினால் காரி பாவலி. மசாலாப் பொருள்களின் மொத்தச் சந்தை அது. மிளகாய்த் தூள் காற்றிலேயே மிதப்பதால் கடைக்காரர், சுமை தூக்குபவர், வாங்க வந்தவர் எல்லாரும் தும்மிக்கொண்டும் இருமிக்கொண்டும் பேரம் பேசுவார்கள். மூட்டையைத் தலையில் சுமந்து வருகிறவர் குரல் கொடுத்ததும் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். அங்கே ஒரு பெரியவர், நான் இந்தியில் தடுமாறுவதைக் கவனித்து ஊரை விசாரித்தார். தமிழ்நாடு என்றதும் மூட்டைக்குள் கைவிட்டுப் பச்சை ஏலக்காய் நான்கைந்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "போடிநாயக்கனூர்" என்றார். மதுரையிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரின் பெயரை, ஷாஜகான் 1639இல் கட்டத் தொடங்கிய நகரத்தின் சந்தையில் கேட்டேன். அன்று முதல் வீட்டிற்கு ஏலக்காயை நான் அங்கிருந்தே வாங்கி அனுப்புகிறேன். அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை.

தனியாகச் சுற்றும் பெண்ணுக்கான நடைமுறைகளையும் சொல்லியாக வேண்டும். மெட்ரோவில் ரயில் போகும் திசையின் முதல் பெட்டி பெண்களுக்குரியது. தயங்காமல் அதிலேயே ஏறுங்கள். நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் கவலைக்குரியது என்பதால், அந்தப் பாதையைப் பகலிலேயே ஒருமுறை நடந்து, எந்தக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறுமுன் வாடகையைப் பேசி முடியுங்கள். "பையா" (இந்தியில் அண்ணா), "ஆன்ட்டி" என்று உறவு வைத்து அழைத்து, எண்களையும் இடம், வலம், நேராக என்ற சொற்களையும் கற்றுக்கொண்டால் முதல் சில மாதங்களைச் சமாளித்துவிடலாம்.

ஊர் ஏக்கம் வரும்போது போக இடங்கள் உண்டு. ராமகிருஷ்ணபுரத்தில் 1973இல் குடமுழுக்கு நடந்த மலை மந்திர் என்கிற சுவாமிநாத சுவாமி கோயிலும், தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. கோயில் வாசலில் மல்லிகைச் சரம் கிடைக்கும். ஆனால் தில்லித் தமிழர் என்றால் அரசு ஊழியர்கள் மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரத்தில் மதராசி கேம்ப் என்ற குடியிருப்பில், வீட்டு வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்தன. நீதிமன்ற உத்தரவின்படி அது 2025 ஜூனில் இடிக்கப்பட்டு, தகுதி பெற்றதாக முடிவுசெய்யப்பட்டவர்களுக்கு நகரின் விளிம்பிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது, மற்றவர்களுக்கு அதுவுமில்லை. வேலையும் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியும் இங்கே, வீடு அங்கே என்றாகிப்போன அந்தக் குடும்பங்களை நினைக்காமல் அந்த வடிகாலின் மேலுள்ள பாலத்தை என்னால் கடக்க முடிவதில்லை.

புறப்படுமுன் கிழமைகளைக் கவனியுங்கள்: செங்கோட்டைக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை, பழைய தில்லியின் மொத்த விற்பனைக் கடைகள் ஞாயிறன்று பெரும்பாலும் அடைத்திருக்கும். எனவே ஞாயிற்றுக்கிழமையில் குதுப்மினாரைத் தொடங்குங்கள். காரி பாவலியை ஒரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, காலை பதினொரு மணிக்குள் போய்ச் சேருங்கள்.