காலத்துக்கு முன்பு என்ன இருந்தது? இயற்பியலும் இஸ்லாமிய மெய்யியலும்: கேள்வி பதில்

கேள்வி: பெருவெடிப்புக்கு முன்பு என்ன இருந்தது என்று கேட்டால், 'முன்பு' என்பதே அங்கே பொருந்தாது என்கிறார்கள். இஸ்லாமிய இறையியலாளர் இமாம் கஸ்ஸாலியும் இதையே சொன்னார் என்பது உண்மையா?

பதில்: முடிவு ஒத்திருக்கிறது, வந்த வழி வேறு. இப்னு சீனா என்ற மெய்யியலாளரின் வழிவந்தவர்கள் இப்படி வாதிட்டார்கள்: உலகுக்குத் தொடக்கம் இருந்தால் அதற்கு ஒரு 'முன்பு' இருந்திருக்க வேண்டும். 'முன்பு' என்பது காலம். காலம் இயக்கத்தின் அளவு. ஆகவே இயக்கமும் உலகமும் தொடக்கமற்றவை. 1095 அளவில் பக்தாதில் எழுதிய 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' (மெய்யியலாளர்களின் முரண்பாடு) என்ற நூலில் கஸ்ஸாலி இதை மறுத்தார். இறைவன் இருந்தான், உலகம் இல்லை. பின்னர் இறைவனோடு உலகமும் இருந்தது. இவ்விரண்டைச் சொல்ல மூன்றாவதாகக் காலம் என்ற ஒன்று தேவையில்லை, அதைச் சேர்ப்பது நம் கற்பனையே என்றார். உலகைச் சூழ்ந்த கடைசி வானக் கோளத்துக்கு அப்பால் வெற்றிடமும் இல்லை, பொருளும் இல்லை என்று ஏற்கும் நீங்கள், காலத்துக்கு மட்டும் அப்பால் ஏன் தேடுகிறீர்கள் என்று அவர்களையே மடக்கிய இடம் எனக்கு மிகவும் பிடித்தது. இயற்பியலாளரின் பதிலோ ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலிலிருந்து வருகிறது. சுமார் 1,380 கோடி ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றால் அதன் சமன்பாடுகளே செயலிழக்கின்றன. அதற்கு முந்தைய ஒரு கட்டத்தைக் கருதும் கோட்பாடுகளும் உள்ளன என்பதால், அறிவியல் கஸ்ஸாலியை மெய்ப்பித்துவிட்டது என்று யாரும் எழுத வேண்டாம்.

கேள்வி: இறைவனிடத்தில் ஒரு நாள் ஆயிரம் ஆண்டுகள் போன்றது என்ற குர்ஆன் வசனம் (22:47) ஐன்ஸ்டீனின் சார்பியல்தானே?

பதில்: இல்லை. வேகத்தையும் ஈர்ப்பையும் கொண்டு கடிகாரம் எவ்வளவு மாறும் என்று சார்பியல் கணக்கிடுகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி முந்துவது அப்படிக் கணக்கிட்டதே. வசனமோ இறைவனின் வேதனையை அவசரப்படுத்திக் கேட்டவர்களுக்குச் சொன்ன மறுமொழி. வேதத்தை ஒரு கோட்பாட்டின் மீது நிறுத்தினால், கோட்பாடு திருத்தப்படும் நாளில் வேதத்தையும் திருத்துவீர்களா?

கேள்வி: மிஃராஜ் எனப்படும் நபிகளின் விண்ணேற்றப் பயணம் காலம் சுருங்கியதால் நிகழ்ந்ததா?

பதில்: முந்தைய பதிலே இதற்கும் உரியது.

கேள்வி: இஸ்லாமிய இறையியல் மரபினரான அஷ்அரிகள் சொன்ன பிரிக்க முடியாத கணமும் பிளாங்க் நேரமும் ஒன்றா?

பதில்: இதுவும் அதே வகைக் கேள்விதான். பிளாங்க் நேரம் மூன்று இயற்கை மாறிலிகளைச் சேர்த்துப் பெற்ற மிகச் சிறிய கால அளவு. காலம் துண்டு துண்டானது என்று எந்தச் சோதனையும் இதுவரை காட்டவில்லை. அஷ்அரிகளின் அக்கறையோ, பொருளின் பண்புகள் இரு கணங்கள் தாமாக நீடிப்பதில்லை, இறைவனே அவற்றைக் கணந்தோறும் படைக்கிறான் என்பதில் இருந்தது.

கேள்வி: இடத்துக்கும் காலத்துக்கும் கஸ்ஸாலி காட்டிய ஒப்புமையைப் பின்வந்த மெய்யியலாளர் இப்னு ருஷ்து தகர்த்துவிட்டார். அதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, வலுவான மறுப்பு அது. இடத்தின் பகுதிகள் ஒருசேர இருக்கின்றன, காலத்தின் பகுதிகளோ ஒருபோதும் ஒருசேர இருப்பதில்லை; ஆகவே ஒன்றின் எல்லையை வைத்து மற்றதன் எல்லையை நிறுவுவது தவறு என்றார் அவர். 1908ல் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி இரண்டையும் ஒரே நாற்பரிமாண வெளியாக இணைத்தபோது கஸ்ஸாலியின் பக்கம் வலுப்பெற்றது போலத் தோன்றும். ஆனால் அவ்வெளியின் தொலைவுச் சூத்திரத்தில் காலத்தின் உறுப்பு, இடத்தின் உறுப்புகளுக்கு எதிர்க்குறியோடே வருகிறது. காரணம் விளைவுக்கு முந்தியது என்ற வரிசை எல்லா நோக்கருக்கும் மாறாமல் நிற்பது இந்தக் குறியால்தான். இப்னு ருஷ்து பிடித்த வேறுபாடு முற்றிலும் அழியவில்லை. எனினும், காலம் இடத்தைப் போன்றதல்ல என்பதிலிருந்து அது தொடக்கமற்றது என்பது பெறப்படாது என்பேன்.

கேள்வி: தொழுகை நேரம், பிறைக் கணக்கு பற்றியும் சொல்வீர்களா?

பதில்: அவை ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) கேள்விகள், உங்கள் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் இப்னு சீனாவின் கொள்கையை விட்டுவிடலாமா?

பதில்: பாதியை விடலாம். வெளிக்கோளத்தின் சுழற்சி தரும் ஒரே காலம் உலகம் முழுமைக்கும் பொது என்ற பகுதி நிற்காது. 2010ல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் இரு அணுக்கடிகாரங்களில் ஒன்றை 33 சென்டிமீட்டர் உயர்த்தியபோதே அது வேகமாக ஓடியதை அளந்தார்கள். காலம் தனித்து நிற்பதல்ல, மாற்றத்தைச் சார்ந்தது என்ற மறுபாதிக்கு இன்றும் உயிர் உண்டு. 1967 முதல் ஒரு நொடி என்பதே சீசியம் அணுவின் கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அலைவதற்கான நேரம்தான். எதுவுமே மாறாத இடத்தில் காலம் எஞ்சுமா என்பதை இயற்பியலின் மெய்யியலாளர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள்.