நட்சத்திரமா, கமிட் எண்ணிக்கையா?

வணக்கம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள இரண்டு நிரல் நூலகங்களில் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளப் பிறர் எழுதிய தொகுப்புகள்) ஒன்றுக்கு நட்சத்திரங்கள் (பயனர்கள் இடும் விருப்பக் குறிகள்) அதிகம், மற்றொன்றில் கமிட்டுகள் (நிரலில் செய்து பதிந்த மாற்றங்கள்) அதிகம், எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். நட்சத்திரங்களை முதலில் ஒதுக்கிவையுங்கள். தேதி, நேரத்தைக் கையாளும் மொமென்ட்.ஜேஎஸ் நூலகம் 2020-இலேயே புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. கிட்ஹப்பில் அதன் நட்சத்திரங்கள் இன்றும் பல்லாயிரம்.

கமிட் எண்ணிக்கையும் ஏமாற்றும். சார்பு நூலகங்களின் பதிப்பைத் தானாகப் புதுப்பிக்கும் டிபென்டபாட் போன்ற தானியங்கிகளின் பதிவுகளைக் கழித்துவிட்டு, கடந்த ஓராண்டுக்கு மட்டும் கமிட்டுகளைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் 'கிட் ஷார்ட்லாக்' கட்டளையை ஓட்டுங்கள்; யார் எத்தனை கமிட் செய்தார்கள் என்று பெயர்வாரியாக வரும். சுமை முழுதும் ஒருவர் தலையில் என்றால் எனக்குப் பயம்தான். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யுடில்ஸில் 2024-இல் அகப்பட்ட பின்கதவு (ரகசியமாக நுழைய வைத்த வழி), தனி ஆளாகத் திணறிய பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றுத்தான் உள்ளே நுழைந்தது.

மூடப்பட்ட வழுப் புகார்கள் நாலைந்தையும் படியுங்கள். திருத்தம் வந்து மூடினார்களா, காலாவதி என்று தானாக மூடியதா? வேலை முடிந்த சிறு நூலகம் என்றால் மட்டும் கமிட் குறைவதைப் பொருட்படுத்த வேண்டாம்.