உப்புக்காற்றுக்குத் தாங்கும் அல்பம்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா குடும்பம் கடந்த ஆகஸ்டில் வந்து மூன்று கிழமை நின்றதாம். நான்கு போன்களில் 1,800 படங்கள் சேர்ந்துவிட்டன. டிக்கெட், கோயில் வில்வம், பிள்ளைகள் எழுதிய துண்டுக் கடதாசி எல்லாவற்றையும் சேர்த்துக் கையாலேயே ஒரு ஸ்கிராப்புக் அல்பம் செய்ய ஆசைப்படுகிறார். ஆனால் முன்பு செய்த அல்பத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அம்மாவின் படத்தில் மஞ்சள் கோடு விழுந்துவிட்டதாம். எந்தத் தாள், எந்தப் பசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

முதலில் அந்தப் பழைய அல்பத்தைக் கவனியுங்கள். ஒட்டிய பக்கத்தை இழுத்துப் பிரிக்க வேண்டாம். தெரிகிற அளவுக்குப் போனில் படம் எடுத்து வையுங்கள். தாளில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் தாளுக்கும் இடையில் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைக் கொடுத்து, மரம் அறுப்பதுபோல மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். மஞ்சள் கோடு செலோடேப் செய்த வேலை. அந்தக் கறை போகாது. படத்தை ஸ்கேன் பண்ணி, கறையைக் கணினியில் நீக்கிப் புதிதாக ஒரு பிரதி எடுப்பதே வழி.

ஏன் ஒட்டியது? பளபளப்பான போட்டோவின் மேற்பரப்பில் ஜெலட்டின் இருக்கிறது. ஈரம் பட்டால் அது இளகும். எதிர்ப்பக்கத்திலும் பளபளப்பான படம் இருந்து, மேலே பாரமும் இருந்தால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். திருகோணமலையில் மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு ஈரத்தை முழுதாகத் தவிர்க்க முடியாது. அதனால் அல்பத்தையே அதற்கு ஏற்றாற்போல் செய்ய வேண்டும். நான் அலங்காரத்தைக் கடைசியில்தான் யோசிப்பேன். படங்களைப் பளபளப்பில்லாத மேட் தாளில் பிரின்ட் பண்ணுங்கள். அல்பத்தை விரித்தால் வலப்பக்கத்தில் மட்டும் படம் வைத்து, இடப்பக்கத்தை எழுதுவதற்கு வையுங்கள். படமும் படமும் முகம் பார்க்காது.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. படம் ஒட்ட ஒட்ட அல்பம் வாய் பிளக்கும், முதுகு மட்டும் மெலிந்து நிற்கும். ஒவ்வொரு தாளிலும் அல்பத்தின் முதுகோடு சேரும் ஓரத்தில் அரை அங்குல அகலத்தில் அதே தடிப்பான தாள் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். அந்த இடைவெளி படங்கள் நசியாமல் காக்கும்.

தாள் வாங்கும்போது 'ஆசிட் ஃப்ரீ' (அமிலம் இல்லாதது) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஓவியம் வரைபவர்கள் வாங்கும் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவுத் தடித்த தாள்களில் இது கிடைக்கும். பத்திரிகைத் தாளை நாலு நாள் வெயிலில் போட்டால் மஞ்சளாகிறதே, அதற்குக் காரணமான லிக்னின் என்ற மரப்பொருள்தான் மலிவான கறுப்புத் தாளிலும் பிரவுன் தாளிலும் இருந்து படத்தைக் கெடுக்கிறது. பிளாஸ்டிக் உறை வேண்டுமென்றால் பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள். பிவிசி வேண்டாம். பசை பூசிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் ஒட்டி மூடும் அல்பத்தை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

பசை? படத்துக்குப் பசையே வேண்டாம். ஓர் அங்குல அகலத் தாள் துண்டை முக்கோணமாக மடித்தால் மூலைப்பிடி கிடைக்கும். நாலு மூலையையும் அதில் செருகி, பிடியை மட்டும் தாளில் ஒட்டுங்கள். படத்தில் ஒரு துளி பசைகூடப் படாது, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்.

பிரின்டுக்குப் போகுமுன் இரண்டு விஷயம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கிப்போயிருக்கும். அக்காவை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல் இருந்தால் நன்றாக வரும். போன் படத்தின் வடிவம் 4×6ஐ விடச் சற்றுக் கட்டையானது, அப்படியே அடித்தால் யாருடைய தலையோ காலோ வெட்டுப்படும். வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் அடித்துத் தரச் சொல்லுங்கள்.

1,800 படத்தில் 80 போதும். கோணேசர் கோயிலில் எல்லோரும் வரிசையாக நிற்கும் படம் ஒன்று இருந்தால் சரி, அதே வரிசை பன்னிரண்டு தரம் வேண்டாம். அதற்குப் பதில் கோட்டைக்குள் மானைக் கண்டு சின்னவன் பின்வாங்கிய படத்தைப் போடுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழு கிணறும் ஏழு சூடு. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றியபோது பிள்ளைகளின் முகம் எப்படிப் போனது என்று ஏழு சின்னப் படங்கள் இருந்தால், ஒரு பக்கம் தானாக அமைந்துவிடும்.

அப்புறம் எழுத்து. இதில்தான் நான் விடாப்பிடி. என்னிடம் திருத்த வரும் பழைய அல்பங்களில் ஓரத்தில் நிற்கும் ஒருவரை யாருக்கும் தெரிவதில்லை. சொல்லக்கூடியவர் இறந்திருப்பார். எல்லோருடைய பெயரும், முறையும், படம் எடுத்தவர் யார் என்பதும் இடப்பக்கத்தில் வரட்டும். பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அக்காவை இந்தக் கிழமையே போனில் பிடித்துக் கேட்டு முடியுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், எளிதில் மங்காத பிக்மென்ட் மை பேனா வாங்குங்கள்.

பஸ் டிக்கெட், கடை பில் இவற்றில் பல சூட்டில் அச்சாகும் தாள். சில வருடங்களில் எழுத்து மறைந்துவிடும். போட்டோகொப்பி எடுத்து அதை ஒட்டுங்கள். வில்வத்தைத் தாளுக்கிடையில் வைத்து நன்றாக உலர்த்தித் தனி உறையில் போடுங்கள். சிப்பியை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாவிட்டால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து வந்த பவளத்துண்டு இருந்தால் அதை அல்பத்தில் சேர்க்காதீர்கள், அங்கிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது.

முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கரையோர வீடுகளில் கலியாணப் படம்கூட மிஞ்சாமல் போனவர்கள் உண்டு. அதற்கு முன் போர்க்கால இடப்பெயர்வில் விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும்.

ஒட்டு வேலையைக் கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களிலேயே செய்யுங்கள். வாடை தொடங்கி மழை பிடித்தால் தாள் ஈரம் குடித்து நெளியும். முடித்த அல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் வைக்காமல், உள்ளறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்து, மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால் போதும்.