வேலூர் வெயிலில் டாங்க் மாடலுக்குப் பெயின்ட் அடித்தால் ஏன் சொரசொரப்பாகிறது?

1/35 அளவு டி-34 (சோவியத் டாங்க்) மாடலுக்கு ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) அக்ரிலிக் பெயின்ட் அடித்தால் மணல் தூவினது போல ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் மேல் குற்றமில்லை, நம்ம ஊர் வெயில்தான். துளி பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் உட்கார்ந்து நானும் ஒரு டரட்டை (பீரங்கி இருக்கும் மேல்பகுதியை) இப்படிக் கெடுத்திருக்கிறேன். விடியற்காலையில், ஃபேனை நிறுத்திவிட்டு, பெயின்ட் சீக்கிரம் காயாமல் தடுக்கும் ரிடார்டர் சில சொட்டு கலந்து, கொஞ்சம் கிட்டத்தில் பிடித்து அடியுங்கள். கெட்டுப்போன இடத்தை 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும்.

அப்புறம் டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. தயவுசெய்து முழுக்கத் துரு நிறம் பூசாதீர்கள். டி-34 டிராக் வெறும் எஃகு. ஓடும் வண்டியில் தரையில் உரசும் முகடு தேய்ந்து மின்னும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைப் பார்த்தால் புரியும்: ஓரம் பழுப்பு, நடு பளபளப்பு. பென்சில் கரித்தூளை விரல் நுனியில் தொட்டு அந்த முகட்டில் மட்டும் தேயுங்கள், அச்சு அசல் இரும்பாகிவிடும்.