தண்ணீர்த் தொட்டி அடியில் குடிக்கூட்டம்: புகாரை எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். பொழுது சாய்ந்தால் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே ஒரு கூட்டம் உட்கார்ந்து குடிக்கிறது. பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களிடம் வம்பு செய்கிறார்கள். 100க்குப் போன் செய்தால் போலீஸ் வரும்போது கலைந்து, போனதும் திரும்பி வருகிறார்கள். ‘எல்லாம் வடக்குப் பையன்கள்’ என்கிறது ஊர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இரண்டு குற்றங்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால், குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 24 மணி நேரச் சிறை, 1,000 ரூபாய் அபராதம் அல்லது சமூக சேவை. சிறிய குற்றம் என்பதால் போலீஸ்காரர்கள் விரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெண்களிடம் வம்பு செய்வது அப்படியல்ல. அதற்கென்றே 1998இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. அந்தப் புகாரைத் தனியாக எழுதிக் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பச் சட்டம் வழி தருகிறது. பாதிக்கப்பட்ட பெண் ஸ்டேஷனுக்கு வரத் தயங்கினால் பெண்கள் உதவி எண்ணான 181இல் பேசட்டும். அவளைக் கேட்காமல் அவள் பெயரை மனுவில் எழுதவே கூடாது.

அப்புறம், ‘சமூக விரோதிகள் தொல்லை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. ‘வெள்ளிக்கிழமை ராத்திரி 9.30 மணி, தொட்டியின் கிழக்குத் தூண் அருகே ஐந்து பேர், இன்ன நம்பர் பைக், இன்னது செய்தார்கள்’ என்று எழுதுங்கள். மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

‘வடக்குப் பையன்கள்’ என்ற சொல் மனுவில் வேண்டாம். செய்த காரியத்தை எழுதுங்கள், பிறந்த ஊரை எழுத வேண்டாம். வேலை முடிந்து வந்து வெளியே உட்கார்ந்திருப்பவன் எல்லாம் ரவுடி இல்லை. லைன் வீட்டில் ஒரே அறையில் அத்தனை பேர் படுக்கும்போது அவர்கள் எங்கே உட்காருவார்கள்? அந்த லைன் வீடுகளில் இருக்கும் ஒடியாப் பெண்களும் பீகார்ப் பெண்களும் அதே வழியில்தான் பயந்து நடக்கிறார்கள். அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள், மனுவுக்குப் பலம் கூடும்.

கூட்டத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். குடித்திருக்கும்போது பேசப் போகாதீர்கள், அடிதடியில் முடியும். மறுநாள் காலையில் வீட்டுக்கே போய், பெற்றவர்களை வைத்துக்கொண்டு, ‘கண்ணு, நம்ம ஊட்டுப் புள்ளைங்க வர்ற வழிங்க அது’ என்று பெரியவர் ஒருவர் சொல்லட்டும். அடுத்தவர் வீட்டுப் பிள்ளை ஆயிற்றே என்று நாம் சும்மா இருந்துவிடுவதால்தான் இது வளர்கிறது.

இடத்தையும் மாற்றியாக வேண்டும். தெருவிளக்கு, தொட்டியைச் சுற்றி வேலி, பூட்டு எல்லாம் ஊராட்சி வேலை. குடிநீர்த் தொட்டி என்பதால் செயலர் தட்டிக்கழிக்க முடியாது. புதர் இருந்தால் அதையும் வெட்டச் சொல்லுங்கள்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். டாஸ்மாக் மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான். விடிகாலையிலும் நடுராத்திரியிலும் கிடைக்கிறதென்றால் பக்கத்தில் திருட்டுத்தனமாகச் சரக்கு விற்கும் சந்துக் கடை ஓடுகிறது. அதை மதுவிலக்குப் பிரிவின் 10581 எண்ணில் சொல்லுங்கள். குறிப்பிட்ட ஒரு கட்டடமோ கடையோதான் தொல்லைக்கு மூலம் என்றால், பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும்படி குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152ஆம் பிரிவின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வருகிற கூட்டத்தில் விளக்கும் வேலியும் தீர்மானமாக வரட்டும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.